நடுக்குவாதமும் தோட்டத்து மருந்தும்

நடுக்குவாதம் என்று ஊரில் சொல்லப்பட்ட நோய்க்குப் பார்க்கின்சன் என்ற பெயர், 1817 இல் அதனை விவரித்து எழுதிய லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சனால் வந்தது. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் சிறிது சிறிதாக மடிவதே நோய். அவை ஏன் மடிகின்றன? "வயது போனால் வரும்" என்பதோடு எம்மவரிடையே பேச்சு முடிந்துவிடும். ஆராய்ச்சியாளர்களைப் புதிய திசையில் தேட வைத்தது 1982 இல் கலிபோர்ணியாவில் நடந்த ஒரு சம்பவம்.

அங்கு சன் ஹோசே நகர வைத்தியசாலைக்கு 42 வயதான ஒருவர் கொண்டுவரப்பட்டார். பேச்சில்லை, அசைவில்லை, சிலைபோல இருந்தார். வைத்தியர் வில்லியம் லாங்ஸ்ரன் விடாது விசாரித்ததில், இதே நிலையில் இன்னும் ஐவர் இருப்பது தெரியவந்தது. அறுவரும் கள்ளமாகத் தயாரித்த போலி ஹெரோயினை ஊசியால் ஏற்றியவர்கள். தயாரித்தவர் விட்ட பிழையால் அதில் எம்பிடிபி என்னும் நஞ்சு கலந்திருந்தது. அது மூளையில் வேறொரு பொருளாக மாறி, டோபமைன் கலங்களுக்குள் புகுந்து, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளை முடக்கிவிடுகிறது. பல வருடங்களில் வரவேண்டிய நோய் சில நாட்களில் வந்துவிட்டது.

அந்தப் பொருளின் அமைப்பைப் பார்த்தவர்களுக்கு ஒரு களைகொல்லி ஞாபகத்துக்கு வந்தது. அதுதான் பரகுவாட். எமது கமக்காரருக்குக் கிராமொக்சோன் என்றால் உடனே தெரியும்.

பிறகு ஆராய்ச்சிகள் பெருகின. 1999 இல், இரண்டாம் உலகப்போரில் சேவையாற்றிய ஏறத்தாழ 20,000 அமெரிக்க இரட்டையரை ஆராய்ந்தவர்கள், 50 வயதுக்குப் பின் வரும் நோயில் பரம்பரையின் பங்கு பெரிதாகத் தெரியவில்லை என்றனர். பரகுவாட், ரோட்டெனோன் என்பவற்றைக் கையாண்ட விவசாயிகளுக்கு நோய் சுமார் இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டதாக 2011 இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ரோட்டெனோன் செடி வேரிலிருந்து எடுக்கப்படுவது. இயற்கை மருந்து என்றால் தீங்கில்லை என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

கலிபோர்ணியாவில் எந்த வயலுக்கு எந்த மருந்து எப்போது அடிக்கப்பட்டது என்பதற்கு 1974 முதலான பதிவுகள் உண்டு. நோயாளரின் பழைய முகவரிகளை அவற்றோடு ஒப்பிட்டபோது, பரகுவாட்டும் மனெப் என்ற பூஞ்சணக்கொல்லியும் அடிக்கப்பட்ட வயல்களிலிருந்து 500 மீற்றருக்குள் வாழ்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 75 வீதம் கூடியிருந்தது. அவர்கள் மருந்து அடித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் குடியிருந்தாலே போதும்.

இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்வதில்லை. மருந்தடித்த பெரும்பாலானோருக்கு நோய் வருவதுமில்லை. (புகைப்போருக்கு இந்நோய் குறைவாகக் காணப்படுகிறது என்பதும் உண்மை. அதை வைத்து ஒருவரும் சிகரெட்டைத் தொடங்கிவிடக் கூடாது!)

புலம்பெயர்ந்த பின் செய்த வேலைகளையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். உலோகங்களின் எண்ணெய்ப் பசையைப் போக்கவும், முன்னர் உடுப்புகளை உலர்சலவை செய்யவும் பயன்பட்டது ட்ரைகுளோரோஎதிலீன். இது குடிநீரில் கலந்த அமெரிக்க இராணுவ முகாம் ஒன்றில் வாழ்ந்த வீரர்களுக்கு, வேறொரு முகாமின் வீரர்களைவிட நோய் 70 வீதம் கூடுதலாக இருந்ததாக 2023 இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பரகுவாட்டை சுவிற்சர்லாந்து 1989 இலேயே தடைசெய்தது. இலங்கை 2008 முதல் படிப்படியாக நிறுத்தியது. ஆனால் அங்கு காரணம் நடுக்குவாதமல்ல, அதைக் குடித்து மாண்டவர்களின் தொகை. பிரான்சில் 2012 முதல், விவசாய இரசாயனங்களோடு வேலை செய்தவருக்கு வரும் பார்க்கின்சன் தொழில்சார் நோயாக ஏற்கப்படுகிறது.

எமது வெங்காய, மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்குக் கலிபோர்ணியா போன்ற பதிவேடு இல்லை. முதியவர்களின் ஞாபகம் மட்டுமே உண்டு. அதுவும் இங்கே வைத்தியரிடம் போகும் வழியில் தொலைகிறது. "அப்பா தோட்டம் செய்தவர்" என்பதைப் பிள்ளை இந்நாட்டு மொழியில் சொல்லும்போது, வீட்டு முற்றத்தில் பூச்செடி வளர்த்தவர் என்றாகிவிடுகிறது. வைத்தியரும் அப்படியே குறித்துக்கொள்கிறார். எனவே தாய் தந்தையரிடம் ஆறுதலாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை வருடம், என்ன பயிர், என்ன மருந்து, வெறுங்கையால் கலந்தார்களா, கிணறு தோட்டத்துக்குள் இருந்ததா, இங்கு வந்தபின் எந்தத் தொழிற்சாலை. மருந்தின் பெயர் மறந்திருந்தால் போத்தலின் நிறத்தையும் மணத்தையும் என்றாலும் கேளுங்கள். அடுத்தமுறை வைத்தியரிடம் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு செல்லுங்கள்.