‘சோம்பேறி’னு சொல்லாதீங்க ப்ளீஸ்!

2005-ல் வந்த ‘அந்நியன்’ ஞாபகம் இருக்கா? திருவையாறு ஆராதனைக்கெல்லாம் போகும் அம்பி, திடீர்னு முடியை விரிச்சுட்டு வேற ஆளா மாறுவாரே... “இதுதான் ஸ்கிசோஃப்ரினியா மச்சி!”னு கேன்டீனில் கதை விட்டவர்கள் பலர். ஸாரி பாஸ், அது வேற! படத்திலேயே அதற்கு ‘மல்டிபிள் பெர்சனாலிட்டி’ என்றுதான் பேர்.

ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு, பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயசுகளில் தலைகாட்டும். நம்ம ஏஜ் க்ரூப்! காதில் யாரோ பேசுவது, எல்லோர் மேலும் சந்தேகம்... இதெல்லாம் ஊருக்கே தெரிந்துவிடும். வெளியே தெரியாமல் இன்னொன்றும் நடக்கும். கவனம் நிற்காது. கேட்டது தங்காது. யோசிக்கிற வேகம் குறையும். பலருக்குக் குரல் கேட்பதற்கு முன்னாடியே இது ஆரம்பித்துவிடும். நல்லா படிச்ச பையன் வரிசையா அரியர் வைப்பான். ‘லவ் ஃபெயிலியர்டா’னு நாமளே தீர்ப்பு எழுதிடுவோம். (அரியர் வெச்சவங்க எல்லாரும் பதற வேண்டாம். நம்ம காரணம் வேற!)

பாபநாசம் பக்கம் ஒரு வீடுன்னு வெச்சுக்குவோம். சம்பா நடவு நேரம். “கடைத்தெருவுல யூரியா சொல்லிட்டு, மோட்டாருக்கு ஃப்யூஸ் வாங்கிட்டு, வர்ற வழியில மடையை அடைச்சுட்டு வாடா தம்பி” என்கிறார் அப்பா. தம்பி ஃப்யூஸோடு மட்டும் வந்து நிற்கிறான். மற்ற இரண்டும் வழியிலேயே மனசை விட்டு நழுவிவிட்டன. ராத்திரி முழுக்கத் தண்ணி பாய்ந்து, நட்ட நாத்து மூழ்கிக் கிடக்கிறது. “மாத்திரை தின்னு தின்னே சோம்பேறி ஆயிட்டான்!”

இந்த வசவுதான் ஆபத்து. மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அடங்கியிருந்த குரல்கள் திரும்பிவிடும். உண்மையில் மாத்திரை குரல்களைத்தான் அடக்கும், மறதிக்குப் பெரிதாக உதவாது. சில மாத்திரைகள் தூக்கம் தரும், அதை டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். மறதிக்கும் கவனக்குறைவுக்கும் ‘காக்னிட்டிவ் ரெமிடியேஷன்’ என்ற பயிற்சி இருக்கிறது. மூளைக்கு வாரக்கணக்கில் ஜிம் மாதிரி! வீட்டிலும் ஒரு நேரத்தில் ஒரே வேலை, செல்போனில் அலாரம், சட்டைப் பையில் ஒரு சீட்டு. அந்த அப்பா மூணு வேலையையும் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் மடை அடைபட்டிருக்கலாம்.

நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் பெயரெடுத்த சாரதா மேனன், 1984-ல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு இந்த நோய்க்காகவே உருவானது. 2010-ல் பக்கத்துப் புதுக்கோட்டையின் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பினார்கள். உள்ளே உட்கார்ந்து வீடியோவில் டாக்டரிடம் பேசலாம், மருந்தும் அங்கேயே!

நம்ம ஊரில் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ஹாஸ்டல் ரூமிலிருந்தே கேட்கணும்னா, 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ நம்பர் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.