சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்: எல்லோரும் செல்ஃபி எடுக்கும் அந்த வளைவுக்குப் பின்னால் என்ன இருந்தது?

வார இறுதியில் ஏற்காட்டுக்கு வண்டியை விடுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்த வளைவை நிச்சயம் கடந்திருப்பீர்கள். சேலம் அஸ்தம்பட்டியைத் தாண்டி அடிவாரம் நோக்கிப் போகும் சாலையில், ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்ற பெயரோடு நிற்கிறது. 2023-ல் சேலம் வந்த முதல்வர் மு.க.ஸ்டாலின் இதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார். அதற்குப் பிறகு இளசுகளும் வண்டியை ஓரம்கட்டிவிட்டு கிளிக் செய்கிறார்கள்.

படம் எடுத்த பிறகு வருகிற கேள்விதான் சுவாரஸ்யம். “இங்கே தியேட்டர் இருந்துச்சா? என்ன படம் ஓடுச்சு?”

இல்லீங்க. இங்கே படம் ஓடவில்லை, படம் தயாரானது. இந்த வாசலுக்குள்ளே ஒரு முழு சினிமா தொழிற்சாலை இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இரண்டையும் எடுத்த கம்பெனியின் வாசல் இது. அந்தக் கட்டடங்கள் எதுவும் இன்று இல்லை. எப்படி வந்தது, எப்படிப் போனது என்று ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம்.

ஸ்டுடியோவுக்கு ஏன் ‘தியேட்டர்ஸ்’ என்று பெயர்?

1930-களில் சினிமா கம்பெனிகளுக்கு இது சகஜமான பெயர்தான். கல்கத்தாவில் 1931-ல் தொடங்கப்பட்ட பிரபல ஸ்டுடியோவின் பெயரே ‘நியூ தியேட்டர்ஸ்’. அப்போது சினிமா என்பது நாடகத்தின் அடுத்த வீடு. நடிகர், பாட்டு, கதை எல்லாமே நாடகக் கொட்டகையிலிருந்து நேராக கேமரா முன்னால் வந்தன. அதனால் படம் காட்டும் இடம், படம் எடுக்கும் இடம் இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்திப்போனது.

யார் அந்த டி.ஆர்.எஸ்.?

டி.ஆர்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டி.ஆர்.சுந்தரம், 1907-ல் பிறந்தவர். பெயரின் முன்னால் நிற்கும் ‘டி’, நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. ஜவுளி வியாபாரக் குடும்பம். பையனை நூல் தொழிலில் கெட்டிக்காரனாக்க இங்கிலாந்தின் லீட்ஸுக்கு அனுப்பி, ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க வைத்தார்கள். படிப்பை முடித்துவிட்டு, கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். தறிச் சத்தத்துக்குப் போக வேண்டியவரை சினிமா பிடித்துக்கொண்டது.

முதலில் சேலத்தின் ‘ஏஞ்சல் பிலிம்ஸ்’ கம்பெனியில் கூட்டாளியாகச் சேர்ந்தார். ஆனால், சேலத்துக் கம்பெனி என்றாலும் படம் எடுக்கக் கல்கத்தா போக வேண்டியிருந்தது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) எடுக்கப்பட்டதே பம்பாயில்தான். ஒலிப்பதிவுக் கருவியும் லேபும் அங்கேதான் இருந்தன. கதாநாயகன், கதாநாயகி, பக்கவாத்தியக்காரர்கள், சமையல்காரர் வரை ரயிலேற்றிக் கூட்டிப்போய், மாதக்கணக்கில் தங்கவைத்து, படத்தை முடித்துப் பெட்டியோடு திரும்ப வேண்டும். சென்னையிலேயே பேசும்பட ஸ்டுடியோ வந்தது 1934-ல்தான்.

“நம்ம ஊர்ல ஒண்ணு கட்டிட்டா என்ன?” என்ற கணக்குதான் மாடர்ன் தியேட்டர்ஸ். 1935-ல் சேர்வராயன் மலையடிவாரத்தில் கம்பெனி எழுந்தது. 1937-ல் முதல் படமான ‘சதி அகல்யா’ வெளியானது.

உள்ளே எப்படி இருந்தது?

ஒரே காம்பவுண்டுக்குள் எல்லாம் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவுக் கூடம், ஃபிலிமைக் கழுவிப் பிரதி எடுக்கும் லேப், எடிட்டிங் அறை, செட் போடும் பகுதி, கதை இலாகா. வெள்ளைத்தாளில் எழுதிய கதை இந்த வாசல் வழியாக உள்ளே போனால், பெட்டியில் அடைத்த படச்சுருளாக வெளியே வரும். ஜெர்மன் ஒளிப்பதிவாளர்கள்கூட இங்கே வந்து வேலை பார்த்தார்கள்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? ஆரம்பகாலப் பேசும்படங்களில் நடிகர்கள் கேமரா முன்னாலேயே பேசினார்கள், பாடினார்கள். அந்தச் சத்தம் அப்போதே பதிவாகும். வெளியே ஒரு மாட்டுவண்டி மணி அடித்தாலும் டேக் வேஸ்ட். அதனால், சுற்றிலும் சத்தமில்லாத, நாலு பக்கமும் மூடிய தளம் வேண்டும். எடுத்த காட்சி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஃபிலிமைக் கழுவ வேண்டும். லேப் வேறு ஊரில் இருந்தால் அதற்கே பல நாள் ஆகும். அதுவரை செட்டைப் பிரிக்க முடியாது, நடிகரை ஊருக்கு அனுப்ப முடியாது. லேப் பக்கத்திலேயே இருந்தால் அந்தக் காத்திருப்பு மிச்சம்.

நடிகர், எழுத்தாளர், தொழிலாளி எல்லோருக்கும் மாதச் சம்பளம். காலையில் மில்லுக்குப் போவதுபோல வேலைக்கு வர வேண்டும். நேரத்துக்கு வராதவரை டி.ஆர்.எஸ்.ஸுக்குப் பிடிக்காது என்பது தமிழ் சினிமா இன்றும் சொல்லும் கதை. ஜவுளி படித்தவர் ஆலை நடத்துவதைப்போல சினிமா எடுத்தார் என்றால் சரியாக இருக்கும். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் என்று 100 படங்களுக்கு மேல் இங்கிருந்து வந்ததற்கு அந்த ஒழுங்குதான் காரணம்.

மலையாள சினிமா பேசத் தொடங்கிய இடம்

1938-ல் வெளியான ‘பாலன்’தான் மலையாளத்தின் முதல் பேசும்படம். இயக்கியவர் எஸ்.நொட்டானி. கே.கே.அரூரும் எம்.கே.கமலமும் நடித்தார்கள். கேரளத்தில் அன்று பேசும்படம் எடுக்க வசதியான ஸ்டுடியோ இல்லாததால், அவர்கள் வந்து சேர்ந்த ஊர் சேலம். 23 வருஷம் கழித்து மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) படத்தைத் தயாரித்ததும் இதே மாடர்ன் தியேட்டர்ஸ்தான், இயக்கியது டி.ஆர்.எஸ்.

தமிழ்ப் பக்கம் வந்தால் லிஸ்ட் இன்னும் நீளம். 1940-ல் ‘உத்தமபுத்திரன்’. பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்ட படம், தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று சொல்லப்படுவது. கிராஃபிக்ஸ் கிடையாது. அந்தக் காலத்தில் இரட்டை வேடம் என்றால், லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுத்துவிட்டு, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து அடுத்த வேடத்தை எடுக்க வேண்டும். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும்.

1950-ல் ‘மந்திரி குமாரி’. அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கனும் டி.ஆர்.எஸ்.ஸும் இயக்கம், கலைஞர் கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். அதே ஆண்டு பாரதிதாசன் கதையில் ‘பொன்முடி’. ‘திகம்பர சாமியார்’ படத்தில் எம்.என்.நம்பியார் மாறுவேடம் மேல் மாறுவேடமாகப் போட்டு அசத்தியதும் அதே ஆண்டுதான். கண்ணதாசனும் இளம்வயதில் இந்த கம்பெனியில் வேலை பார்த்தவர். 1952-ல் ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்துக்காக ஹாலிவுட் கம்பெனி ஒன்று மாடர்ன் தியேட்டர்ஸோடு கைகோத்தது. 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. எம்.ஜி.ஆரும் பானுமதியும் கேவாகலரில் ஜொலித்த படம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

ஒரே நாளில் நடந்ததல்ல. ஒவ்வொரு செங்கல்லாகக் கழன்றது.

முதல் காரணம் சென்னை. தமிழ் சினிமாவுக்கு ஒருகாலத்தில் சேலம், கோவை, காரைக்குடி என்று பல தலைநகரங்கள் இருந்தன. காரைக்குடியில் ‘நாம் இருவர்’ எடுத்த ஏவி.எம். 1948-ல் கோடம்பாக்கத்துக்குக் குடிபோனது. விநியோகஸ்தர், பைனான்ஸியர், இசைக்குழு எல்லோரும் மெல்ல அங்கேயே சேர்ந்தார்கள். நடிகர்களும் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு கால்ஷீட் முறைக்கு மாறினார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று படங்களில் நடிக்கும் ஸ்டாரை, ஒரே படத்துக்காக சேலத்துக்கு ரயிலேற்றுவது கஷ்டமானது. மாதச் சம்பளத்தை நம்பி எழுந்த ஸ்டுடியோவின் அஸ்திவாரமே இதில் ஆடியது.

இரண்டாவது, 1963-ல் டி.ஆர்.எஸ். காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று தொடர்ந்து எடுத்தார். ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு ஆனதில் இந்த கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, வாரிசு வந்ததும் படுத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது காரணம்தான் எல்லா ஸ்டுடியோக்களையும் சாய்த்தது. 1977-ல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தபோது கேமரா நிஜமான கிராமத்துக்கே போய்விட்டது. டப்பிங் வந்துவிட்டதால் மாட்டுவண்டி மணிச்சத்தத்துக்கு பயமில்லை. நாலு சுவரும் கூரையும் போட்ட தளம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தத் தேவையே குறைந்துபோனது. வேலையில்லாத பெரிய தளத்துக்கும் செலவு உண்டு. ஊர் வளர வளர, மனையின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1980-களில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓய்ந்தது. இடம் கைமாறி, குடியிருப்பாக ஆனது.

சேலத்துக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. சென்னையில் ஜெமினி ஸ்டுடியோ போய், ‘ஜெமினி மேம்பாலம்’ என்ற பெயர் மட்டும் மக்கள் வாயில் நிற்கிறது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் ஒரு ரோட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனது. அந்த வகையில் சேலத்துக்கு ஒரு வாசலாவது மிஞ்சியிருக்கிறது.

கட்டடம் போனால் என்ன, படம் இருக்கிறதே?

அதுதான் இல்லை. ‘பாலன்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று கிடையாது. ஒரு மொழியே திரையில் முதன்முதலாகப் பேசிய படம், சில ஸ்டில்களாகவும் ஒரு பாட்டுப் புத்தகமாகவும்தான் மிஞ்சியிருக்கிறது.

காரணம் எளிது. அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட் வகை. சட்டென்று தீப்பிடிக்கும், நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் சிதையும். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை, ஆனால் அதிலிருந்த வெள்ளிக்கு மதிப்பு உண்டு. அதனால் எத்தனையோ பழைய படச்சுருள்கள் வெள்ளி எடுக்கப் போய்ச் சேர்ந்தன. பத்திரப்படுத்தலாம் என்றால், புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான். டி.ஆர்.எஸ். மறைந்ததற்கு அடுத்த ஆண்டில்!

இதனால்தான் அந்த வளைவு முக்கியம். ‘பாலன்’ எடுத்த தளம் இல்லை, படமும் இல்லை. அந்தக் குழு நடந்துபோன வாசல் என்று கைகாட்ட இது ஒன்றுதான் இருக்கிறது. வளைவின் பக்கத்தில் ஒரு தகவல் பலகை இருந்து, இங்கே என்னென்ன படங்கள் எடுக்கப்பட்டன என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தால், ஏற்காடு போகிற கேரள டூரிஸ்ட் வண்டிகள்கூட நின்றுவிட்டுப் போகும். பெரிய செலவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களில் தாத்தாவோ பெரியப்பாவோ இந்த ஸ்டுடியோவில் தச்சராக, எலெக்ட்ரீஷியனாக, லேப் ஆளாக இருந்திருக்கலாம். கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். அவர்கள் சொல்வதை மொபைலில் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம், குரூப் போட்டோ, கம்பெனி முத்திரை போட்ட காகிதம் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் இடம். அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த முறை ஏற்காடு போவதற்கு முதல் நாள் ராத்திரி, ‘மந்திரி குமாரி’யையோ ‘திகம்பர சாமியா’ரையோ குடும்பத்தோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். மறுநாள் வளைவின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும்போது, “இங்க தியேட்டர் இருந்துச்சா?” என்று பசங்க கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு நல்ல கதை இருக்கும்.