நட்சத்திரங்களை நம்பி நூல் வாங்கலாமா?

புது தில்லி: இணையத்தில் பொருள் வாங்குவோர் எழுதும் மதிப்புரைகளை எவ்வாறு திரட்ட வேண்டும், எவ்வாறு சரிபார்த்து வெளியிட வேண்டும் என்பதற்கான தர நிர்ணயத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 நவம்பரில் வெளியிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த அந்த விதிமுறைத் தொகுப்பின் எண் ஐ.எஸ். 19000. அம்மாதம் 25-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அப்போது எழுந்த விவாதங்களில் சுற்றுலா, உணவகம், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவையே பெரிதும் பேசப்பட்டன. புத்தகத்தை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால், வாசகர் மதிப்புரையை மட்டுமே துணையாகக் கொண்டு பணம் செலவிட வேண்டிய நிலை, மற்ற எந்த நுகர்வோரையும்விடப் புத்தகம் வாங்குபவருக்கே அதிகம். குளிர்பதனப் பெட்டிக்கு உத்தரவாதச் சீட்டு உண்டு, நாவலுக்கு ஏது?

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழரிடம் இந்த நிலை இன்னும் கூர்மையாகத் தெரியும். நவி மும்பையின் கோபர்கைரனேயை எடுத்துக்கொள்வோம். 1970-இல் மகாராஷ்டிர அரசு தொடங்கிய சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்புப் பகுதி அது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று தலைமுறைகளாகத் தமிழர்கள் வேரூன்றிய பகுதிகள் தாணே கடற்கழிக்கு அப்பால் இருக்கின்றன. கோபர்கைரனேயில் குடியேறியவர் தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க விரும்பினால் வாஷியில் ஒரு முறையும் குர்லாவில் ஒரு முறையும் ரயில் மாறி மாட்டுங்கா செல்ல வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் பாதி அதிலேயே கழிந்துவிடும். எனவே அவர் கைப்பேசியைத் திறக்கிறார். அட்டைப் படம், விலை, அதன் கீழே நட்சத்திரங்கள். கடையில் நின்றபடி முதல் பத்துப் பக்கங்களைப் படித்துப் பார்த்து முடிவெடுத்தவர், இப்போது முன்பின் அறியாத சிலரின் சொல்லைக் கேட்டு முடிவெடுக்கிறார்.

அந்தச் சிலர் எத்தனை பேர் என்பதே முதலில் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் பரபரப்பாக விற்கும் ஒரு நூலுக்குப் பல்லாயிரம் வாசகர்கள் மதிப்பெண் இடுகின்றனர். பத்துப் பேர் பொய் சொன்னாலும் சராசரி அசையாது. தமிழ் நூல்களின் கதை வேறு. சில நூறு பிரதிகள் அச்சாகி, அவற்றுள் ஒரு பகுதி மட்டுமே இணையம் வழியாக விற்கும் ஒரு நூலுக்கு ஆறு பேர் தலா நான்கு நட்சத்திரம் அளித்திருப்பதாகக் கொள்வோம். ஆகாதவர்கள் நால்வர் வந்து தலா ஒன்று அளித்தால் சராசரி நான்கிலிருந்து 2.8-க்கு இறங்கிவிடும். அதே நால்வர் நண்பர்களாக இருந்து தலா ஐந்து அளித்தால் அது 4.4-க்கு ஏறும். ஒரு தேநீர்க் கடை மேசையைச் சுற்றி அமரக்கூடிய நான்கு பேர் ஒரு நூலின் தலையெழுத்தை மாற்றிவிட முடியும் என்பதே இதன் பொருள்.

அந்தப் பத்திலும் நூலைப் பற்றிப் பேசுபவை எத்தனை? "பொட்டலம் கிழிந்து வந்தது", "மூன்று நாளில் கிடைத்தது, நன்றி", "எழுத்து மிகச் சிறியது" என்பன போன்றவையும் நட்சத்திரக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. தபால்காரரின் தாமதத்துக்கு நூலாசிரியர் தண்டனை பெறுகிறார். "சரிபார்க்கப்பட்ட கொள்முதல்" என்ற முத்திரை சிலருக்கு ஆறுதல் அளிக்கலாம். எழுதியவர் அப்பிரதியை வாங்கினார் என்பதற்கு மட்டுமே அது சான்று. படித்தார் என்பதற்குச் சான்று தரும் முத்திரையை எந்த நிறுவனமும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

பணத்துக்கு எழுதப்படும் மதிப்புரை புதிய நோயன்று. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒருவர் 2010-இல் இதை வெளிப்படையான தொழிலாகவே தொடங்கினார். ஒரு மதிப்புரைக்கு 99 டாலர், இருபதுக்கு 499 டாலர், ஐம்பதுக்கு 999 டாலர் என்பது அவரது விலைப்பட்டியல். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி! ஜான் லாக் என்ற எழுத்தாளர், தமது மின்நூல்களுக்காக அவரிடம் 300 மதிப்புரைகளை வாங்கியதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். 2015-இல் அமேசான் நிறுவனம், பொய் மதிப்புரை எழுதித் தருவதாக விளம்பரம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது வழக்குத் தொடுத்தது. இன்று அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடியில் செய்துவிடுவதால் 99 டாலருக்கும் அவசியமில்லை.

கூலிக்கு எழுதுபவரைவிட ஆபத்தானவர், கூலியே வாங்காமல் எழுதுபவர். 2010 ஏப்ரலில் பிரிட்டனில் வெடித்த விவகாரம் இதற்குச் சரியான உதாரணம். ரஷிய வரலாற்று ஆய்வாளர்களான ரேச்சல் பொலான்ஸ்கி, ராபர்ட் சர்வீஸ் ஆகியோரின் நூல்களை "வரலாற்றாசிரியர்" என்ற புனைபெயரில் ஒருவர் அமேசான் தளத்தில் கடுமையாகத் தாக்கி எழுதி வந்தார். அதே பேர்வழி, லண்டன் பிர்க்பெக் கல்லூரிப் பேராசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜஸ் எழுதிய நூலை மட்டும் வானளாவப் புகழ்ந்திருந்தார். பொலான்ஸ்கிக்குச் சந்தேகம் எழுந்தது. ஃபைஜஸ் முதலில் வழக்கறிஞர் மூலம் மறுத்தார். வழக்குத் தொடரப் போவதாகவும் எச்சரித்தார். பின்னர், எழுதியவர் தமது மனைவி என்றார். இறுதியில், எழுதியது தாமே என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஜூலையில் இருவருக்கும் இழப்பீடும் வழக்குச் செலவும் தர இசைந்தார். துறை அறிவுள்ளவரின் கருத்து என்று நம்பி அந்த மதிப்புரைகளைப் படித்தவர் ஏமாறவில்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. துறை அறிவுக்குக் குறைவில்லை. மறைக்கப்பட்டது உறவும் பகையும்தான்.

இந்த இடத்தில் நமது இலக்கண மரபு நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாடும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பவணந்தியாரின் நன்னூல் வரையறுத்துள்ளது. நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரையாசிரியர் ஆகியோரே அவர்கள். அனைவரும் நூலாசிரியருக்கு வேண்டியவர்கள்தாம். ஆயினும் அந்த உறவு ஒளிக்கப்படவில்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியருடன் கற்றவர் என்பதைப் படிப்பவர் அறிவர். அதற்கேற்ப அச்சொல்லை எடைபோட்டுக்கொள்வர். தன்னைத் தானே புகழ்வது தகாது என்றும் நன்னூல் விதிக்கிறது. அரசவைக்கு விண்ணப்பம் எழுதுவது, தன் ஆற்றலை அறியாதாரிடம் பேசுவது, அவையில் வாதிட்டு வெல்ல முனைவது, எதிரி பழிக்கும்போது மறுப்பது ஆகிய நான்கு சூழல்களுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. புனைபெயரில் புகழ்ந்துகொள்வதற்கு அதில் விலக்கு இல்லை.

அச்சு இதழ்களின் மதிப்புரைகள் மாசற்றவை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்புக என்ற அறிவிப்பைக் காணாத தமிழ் வாசகர் இல்லை. பின்னட்டையை மட்டும் படித்து எழுதப்பட்ட பத்திகளும், நட்புக்காக எழுதப்பட்ட புகழுரைகளும் அவற்றில் ஏராளம். ஆனால் அடியில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருந்தது. தமிழில் தயவு தாட்சண்யமற்ற விமர்சகர்கள் என்று பெயரெடுத்த இருவர் பல்லாண்டுகள் வாழ்ந்தது இந்தத் தலைநகரில்தான். ஒருவர் க.நா. சுப்ரமண்யம், மற்றவர் மத்திய அரசுப் பணியிலிருந்த வெங்கட் சாமிநாதன். க.நா.சு. அவ்வப்போது வெளியிட்ட சிறந்த நூல்களின் பட்டியல்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. அதில் இடம்பெறாததால் வெகுண்டவர்கள் உண்டு. அவருடைய ரசனை எத்தகையது என்பது இரு தரப்புக்கும் தெரியும். அவர் பாராட்டினார் என்பதற்காக வாங்கியவரும், அவர் பாராட்டினார் என்பதற்காகவே வாங்காமல் விட்டவரும் தெரிந்தே செய்தனர். நட்சத்திரச் சராசரி பறித்துக்கொண்டது இந்த வசதியைத்தான்.

புகழுரையின் சேதம் வாசகரின் பணத்தோடு முடிந்துவிடும். இகழுரையின் சேதம் அதைத் தாண்டிச் செல்கிறது. அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், சைபீரியாவைக் களமாகக் கொண்ட தமது நாவலை 2024-இல் வெளியிடப் போவதாக 2023 ஜூனில் அறிவித்தார். உக்ரைன் போர் நடக்கும்போது ரஷியப் பின்னணியில் நாவலா என்று கண்டித்து, ஒரு பக்கம்கூட வெளிவராத நூலுக்கு நூற்றுக்கணக்கானோர் குட்ரீட்ஸ் தளத்தில் ஒற்றை நட்சத்திரம் அளித்தனர். சில நாள்களிலேயே அவர் வெளியீட்டை நிறுத்திவைத்தார். அந்தத் தளம் 2013 முதல் அமேசானுக்குச் சொந்தமானது. நூலை விற்பவரும் தீர்ப்பை வெளியிடுபவரும் ஒருவரே என்பது தனியே சிந்திக்க வேண்டிய பொருள்.

படிக்காமல் தீர்ப்பளிப்பதில் தமிழகம் எவருக்கும் பின்தங்கியதன்று. பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" 2010-இல் வெளியானது. நான்காண்டுகள் அமைதியாக விற்றுக்கொண்டிருந்த அந்த நாவலின் பிரதிகள் 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டன. நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் வழங்கப்பட்டன; முழு நூலைப் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகச் சிலராகவே இருந்திருக்க முடியும். 2015 ஜனவரியில் நாமக்கல் மாவட்ட நிர்வாகம் நடத்திய பேச்சுவார்த்தைக்குப் பின், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா ஆகியோர் அளித்த தீர்ப்பே அவரை மீண்டும் எழுத வைத்தது. பிடிக்காத நூலைப் படிக்காமல் விட்டுவிடும் உரிமை எவருக்கும் உண்டு என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

இந்த நிகழ்வு மற்றொரு சிக்கலையும் காட்டுகிறது. மதிப்புரை எழுதுவோர் அனைவரும் உண்மைப் பெயரை வெளியிட்டே தீர வேண்டும் என்று சட்டம் இயற்றுவது எளிது. ஆனால் அந்த நாள்களில் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் அந்த நாவலைப் பாராட்டித் தம் பெயரிட்டு எழுதியிருக்க முடியுமா? சாதியைப் பற்றியோ, உள்ளூர் அரசியல் தலைவரைப் பற்றியோ எழுதப்பட்ட நூலைப் பாராட்டும் சாமானியருக்குப் புனைபெயர் ஒரு கவசம். ஃபைஜஸுக்கு அது முகமூடியாக இருந்தது என்பதற்காக இவரிடமிருந்து அதைப் பறிப்பது முறையாகாது. தளத்தை நடத்துபவருக்கு எழுதியவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குத் தெரிவிப்பதா என்பதை எழுதியவரே முடிவு செய்ய வேண்டும்.

ஐ.எஸ். 19000 ஏறத்தாழ இந்த வழியில்தான் செல்கிறது. எழுதுபவர் தம்மைத் தொடர்புகொள்ளும் விவரங்களை அளிக்க வேண்டும். மின்னஞ்சல், தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி போன்ற வழிகளில் அவர் உண்மையானவரா என்று சரிபார்க்க வேண்டும். அந்த விவரங்களைத் தளம் பாதுகாக்க வேண்டும் என்கிறது அது. குறை என்னவென்றால், வெளியிடப்பட்டபோது அது கட்டாயமாக்கப்படவில்லை. நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்றே விடப்பட்டது. 2024 மே மாதத்தில் இதைக் கட்டாயமாக்கும் வரைவு ஆணை குறித்து நுகர்வோர் விவகாரத் துறை மின்வணிக நிறுவனங்களுடன் ஆலோசனை நடத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் அத்தகைய தடை உள்ளது.

நமது நாட்டில் சட்டமே இல்லை என்று கூறிவிட முடியாது. விற்பனையாளர் நுகர்வோரைப் போல வேடமிட்டு மதிப்புரை எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை ரூ. 10 லட்சம் வரையிலும், மீண்டும் செய்தால் ரூ. 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் நூலாசிரியரின் மைத்துனர் ஆர்வத்தில் எழுதும் ஐந்து நட்சத்திர மதிப்புரை விளம்பரமா, பாசமா என்பதை எந்த ஆணையம் தீர்மானிக்கும்?

எனவே கோபர்கைரனே வாசகர் தம் கையிலுள்ள கருவிகளையே நம்ப வேண்டியிருக்கிறது. சராசரியைப் பாராமல் மூன்று நட்சத்திர மதிப்புரைகளை முதலில் படிப்பது நல்லது. வெறுப்பவரும் உறவினரும் அந்த நடுப் படியில் நிற்பது அரிது. ஒரே வாரத்தில் ஒரே தொனியில் குவிந்த புகழுரைகளைக் கண்டால் தேதியைப் பார்க்க வேண்டும். எழுதியவர் பெயரைத் தொட்டால் அவர் வேறு எந்தெந்த நூல்களுக்கு எழுதியிருக்கிறார் என்று பெரும்பாலான தளங்கள் காட்டும். வாழ்நாளில் ஒரே ஒரு நூலைப் பற்றி மட்டும் எழுதியவர் அந்த நூலின் வாசகராக இருப்பதைவிட, ஆசிரியரின் அண்டை வீட்டுக்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம். கதையில் வரும் ஒரு பாத்திரத்தையோ, ஒரு வாதத்தையோ பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் "அருமை", "குப்பை" என்று மட்டும் எழுதப்பட்டவற்றைக் கடந்துவிடலாம். இவை எல்லாவற்றையும்விட உறுதியானது மாதிரிப் பக்கங்கள். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கிய பின், மாட்டுங்கா வரை செல்லாமலேயே பல நூல்களின் முதல் சில பக்கங்களை இலவசமாகப் படித்துப் பார்க்க முடிகிறது. தமிழ்ப் பதிப்பகங்கள் அனைத்தும் அச்சு நூல்களுக்கும் இந்த வசதியைத் தங்கள் இணையதளங்களில் அளித்தால், நட்சத்திரங்களுக்குள்ள மதிப்பில் பாதி தானே குறைந்துவிடும். அதற்கு மத்திய அரசின் ஆணை எதுவும் தேவையில்லை.

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915. தமிழிலும் பேசலாம். பணம் கொடுத்து எழுதி வாங்கப்பட்ட மதிப்புரை குறித்த புகாரை அங்கே பதிவு செய்யலாம். நாவல் நன்றாக இல்லை என்ற புகாருக்கு அங்கும் இடமில்லை.