டாக்டர் ஓட்டின வண்டி சார்!

"சிங்கிள் ஓனர் சார்... டாக்டர் வெச்சிருந்த வண்டி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓட்டினார். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு, அவ்வளவுதான்!"

பழைய கார் புரோக்கர் இப்படி ஆரம்பித்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். விற்பனைக்கு வந்திருக்கிற பழைய கார்களையெல்லாம் டாக்டர்களே ஓட்டியிருந்தால், பாவம், அவர்கள் நோயாளிகளைப் பார்த்தது எப்போது?

நான் கும்பிடவில்லை. செக் எழுதினேன்.

2022-ல் நடந்த கதை இது. 2014 மாடல் டீசல் கார். மீட்டரில் 78,000 கிலோமீட்டர். விலை 3,10,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம் பாதி, மீதிக்கு மனைவியின் வளையல்கள் பேங்க் லாக்கருக்குப் போயின (அவள் பெயரில் அல்ல, பேங்க் பெயரில்!).

"ஏங்க, ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போகலாமே?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

தெரியாது. பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் தெரியும். டைமிங் பெல்ட் தெரியுமா?

நாலாவது மாதம் அப்பாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். திருச்சியிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். துவரங்குறிச்சி தாண்டியதும் பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் நின்றுவிட்டது. வண்டி மட்டும் கொஞ்ச தூரம் உருண்டு, ரோட்டோரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் காலியாகச் சுற்றியது.

இழுவை வண்டி வந்து, அப்புறம் பஸ் பிடித்து, மதுரை போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. "இன்னிக்கு லிஸ்ட் முடிஞ்சு போச்சே... ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

அதுவரை வாயே திறக்காத அப்பா, திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, வண்டி வாங்கினே, சரி. முன்னாடி வெச்சிருந்தவர் அதை எப்படி வெச்சிருந்தார்னு கேட்டியா?"

பழைய டீசல் கார் வாங்குகிற யாருக்கும் இந்த ஒரு கேள்வி போதும். நாம் வாங்குவது காரை அல்ல. அதற்கு முன்னால் இருந்தவர் செய்த (அல்லது செய்யாத) சர்வீஸை!

மெக்கானிக் அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பெல்ட் அறுந்திருக்கு சார். முன்னாடியே மாத்தியிருந்தா பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். இப்போ வால்வெல்லாம் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சு கிடக்கு." பில் 54,000 ரூபாய். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நம்பரைத் தட்டச் சொன்னேன். 2019-ல் வந்த கடைசி சர்வீஸின்போது ஓடியிருந்த தூரம் 1,31,000 கிலோமீட்டர். நான் வாங்கும்போது 78,000! வயசு குறைகிற லேகியம் மனிதர்களுக்குத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, கார்களுக்கு எப்போதோ வந்துவிட்டது.

ஏன் இத்தனை டீசல்?

2010 ஜூனில் பெட்ரோல் விலைக்கான கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்தது. டீசலுக்கு எடுக்கவில்லை. 2012-ல் இரண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஊரே டீசல் கார் வாங்கியது. 2014 அக்டோபரில் டீசலுக்கும் கட்டுப்பாடு போக, வித்தியாசம் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்ததும், சின்ன டீசல் இன்ஜினைப் புது விதிக்கு மாற்றினால் விலை கட்டாது என்று மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அன்றைக்கு வாங்கின வண்டிகள்தான் இன்றைக்குப் புரோக்கர் வாசலில் பளபளவென்று வாக்ஸ் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

முதலில் கணக்கு

பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15, டீசல் கார் 20 கிலோமீட்டர் கொடுத்தால், கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 2 ரூபாய்.

ஆபீஸுக்குப் போய்வர 20 கிலோமீட்டர், மாதம் 25 நாள். கோயில், கல்யாணம் எல்லாம் சேர்த்து 600 கிலோமீட்டர். மிச்சம் மாதம் 1,200 ரூபாய், வருஷத்துக்கு 14,400. என்னுடைய 54,000 ரூபாய் பில்லை அடைக்க மூணே முக்கால் வருஷம்! இந்தக் கணக்கை காருக்கு அப்புறம் போட்டேன். நீங்கள் முன்னால் போடுங்கள்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிற சேல்ஸ்காரரா? மிச்சம் 4,000 ரூபாய். தாராளமாக டீசல் வாங்கலாம். மாதம் 600 தான் என்றால் பெட்ரோலே போதும். அதுவும் 2020-க்குப் பிந்தைய டீசல் கார்களின் சைலன்ஸர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் உண்டு. ஹைவேயில் நிதானமான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து ஃபில்டர் சுத்தமாகும். தினம் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனால் அடைத்துக்கொள்ளும்.

பார்க்கப் போகும்போது

முந்தின நாளே போன் பண்ணி, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காற்றை அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து அழுத்தம் குறைந்திருந்தால், காலை வேளையில் முதல் ஸ்டார்ட்டிலேயே குட்டு உடைந்துவிடும்.

புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை; ஏர் ஃபில்டரா, இன்ஜெக்டரா, டர்போவா என்று பார்க்க வேண்டும். நீலம் என்றால் இன்ஜின் ஆயிலே எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டேயிருந்தால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். சோடா பாட்டில் மாதிரி புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால் 'நன்றி, வணக்கம்' சொல்லிவிடலாம்.

ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று மட்டும் பயப்படாதீர்கள். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். மோர் மாதிரி வெளுத்திருந்தால்தான் ஆபத்து. தண்ணீர் கலந்திருக்கிறது.

மீட்டரை நம்பாதீர்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட் மூன்றும் உண்மை பேசும். 40,000 ஓடிய காரின் பெடல் மொழுமொழுவென்று தேய்ந்திருக்குமா? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருஷம், 23-வது வாரம் தயாரித்தது. நாலு டயரும் நாலு வருஷமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டைமிங் பெல்ட்டா, செயினா? இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று பல கார்களில் ஓடிய 1,248 சி.சி. ஃபியட் இன்ஜினில் செயின். பழைய இன்னோவாவின் 2.5 லிட்டரிலும், டஸ்ட்டரின் 1.5 லிட்டரிலும் பெல்ட். பெல்ட் மோசம் என்று அர்த்தமில்லை. கார் புஸ்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரிலோ வருஷத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியாக வேண்டும். மாற்றின பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஐநூறோ ஆயிரமோ கொடுத்து நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். (மனைவி சொல்லே மந்திரம்!)

பேப்பரும் முக்கியம்

ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி இருக்கிறதா என்று அரசின் 'எம்-பரிவாஹன்' ஆப்பிலேயே பார்க்கலாம். பெயர் மாற்ற 29, 30-ம் நம்பர் படிவங்கள். லோன் அடைத்திருந்தால் 35. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் காருக்கு அடிபட்டால் க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம்.

சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. 2012 மாடல் என்றால் 2027-ல் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அங்கேயிருந்து மலிவு விலைக் கார்கள் தெற்கே வர ஆரம்பித்தன. வாங்குவதற்கு முன் என்.ஓ.சி., மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய வாழ்நாள் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மலிவு காணாமல் போயிருக்கும்.

வாங்கியாச்சா?

காரின் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். 3 லட்சம் என்றால் 30,000. முதல் வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் எல்லாம் புதுசு. பெல்ட் வண்டியானால் பெல்ட்டும். டீசல் ஃபில்டரில் தேங்குகிற தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடச் சொல்லுங்கள். இன்ஜெக்டருக்குத் தண்ணீர் எமன். வேகமாக ஓட்டி வந்தால் அரை நிமிஷம் ஐடிலில் விட்டு அப்புறம் ஆஃப் பண்ணுங்கள். சூடான டர்போவுக்கு ஆயில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பங்க்கில் பையன் தப்பாகப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். தள்ளிக்கொண்டு போய் டேங்க்கைக் காலி பண்ணுங்கள்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், எவ்வளவு ஆச்சு... எல்லாம் எழுதுங்கள். என் நோட்டைப் பார்த்து மனைவிக்குப் பொறாமை. "என் பிறந்த நாள் ஞாபகமில்லை, ஆயில் மாத்தின நாள் மட்டும் ஞாபகமிருக்கு!"

2024-ல் அப்பாவுக்கு இன்னொரு கண். அதே கார், அதே விடியற்காலை. ஆபரேஷன் ஆன கண்ணால் ஊர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார்.

"துவரங்குறிச்சி... இங்கேதானேப்பா உன் டாக்டர் வண்டி படுத்துது?"

"ஆமாம்ப்பா."

"இப்போ பெல்ட் எப்படி?"

"புதுசுதான். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"சரி" என்று சீட்டில் சாய்ந்தவர் மேலூர் வரை நன்றாகத் தூங்கினார். மதுரை போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு.