பழைய இசைத்தட்டும் புதிய பதிப்பும்

பழைய நூல் ஒன்று மறுபதிப்பாக வெளிவரும்போது நாம் எதிர்பார்ப்பது யாது? அச்சுப் பிழைகள் நீங்கியிருத்தல் வேண்டும். தாளும் கட்டும் நல்லனவாயிருத்தல் வேண்டும். முன்னுரை ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். ஆயினும், ஆசிரியர் எழுதிய வாக்கியத்தில் வேறொருவர் கைவைத்தலை நாம் பொறுப்பதில்லை.

இசைத்தட்டின் மறுபதிப்பு இத்துணை எளிய காரியமன்று. இருபத்தைந்தாம் ஆண்டு, ஐம்பதாம் ஆண்டு என்று நிறைவு விழாக்களை முன்னிட்டு, புகழ்பெற்ற பொப் இசைத்தட்டுகள் பல மீண்டும் வெளியிடப்படுகின்றன. அவற்றுட் சில, பழைய ஒலியையே துலக்கித் தருவன. வேறு சிலவோ, ஒலிப்பதிவுக் கூடத்தின் மூல நாடாக்களை வெளியே எடுத்து, குரலையும் கருவிகளையும் முதலிலிருந்து மீண்டும் கலந்து தருவன. முன்னது ஓவியத்தின் மேற் படிந்த தூசியைத் துடைத்தல்; பின்னது அதே வண்ணங்களைக்கொண்டு ஓவியத்தை மீண்டும் தீட்டுதல். அவ்வாறு தீட்டியது பழைய ஓவியந்தானா என்ற கேள்வி உடனே எழுகின்றது. இக்கேள்வியை ஓர் இசைத்தட்டினை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1967ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்' என்னும் இசைத்தட்டே அது. ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் 1966 ஓகஸ்ட் மாதத்தோடு ஊர் ஊராகச் சென்று பாடுதலை நிறுத்திக்கொண்டனர். இரசிகர்களின் கூச்சலில் தம் பாட்டுத் தமக்கே கேளாத நிலை அவர்களுக்கு அலுத்துப்போயிற்று. அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள் லண்டன் நகரின் அபே வீதியிலுள்ள ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தினுட் புகுந்தவர்கள், அடுத்த ஆண்டு ஏப்ரல் வரையில் அங்கேயே உழைத்தனர். 1963இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் பத்துப் பாடல்கள் ஒரே நாளிற் பதிவாகியிருந்தன என்பதை நினைக்கும்போது, இந்த ஐந்து மாத உழைப்பின் பொருள் விளங்கும். மேடையிற் பாடுவதைப் பதிந்து வைக்கும் இடமாயிருந்த கூடம், இசையைப் படைக்கும் இடமாக மாறிற்று. அம்மாற்றத்தை முன்னின்று நடத்திவைத்தவர் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின். அவருக்குத் துணைநின்ற பொறியியலாளர் ஜெவ் எமெரிக்.

அவர்களிடமிருந்த பொறிகளோ இன்றைய கணக்கில் மிக எளியவை. ஓர் அங்குல அகலமுள்ள ஒலிநாடாவில் நான்கு தடங்கள் மாத்திரமே உண்டு. ஒரு தடத்தில் முரசும் கிற்றாரும், மற்றொன்றிற் குரல், பிறிதொன்றிற் பியானோ என்று பதிந்துகொண்டு போனால், நான்கு தடங்களும் விரைவில் நிரம்பிவிடும். அப்போது அவர்கள் செய்ததென்ன? நான்கையும் ஒன்றாகக் கலந்து, மற்றொரு பொறியிலுள்ள நாடாவில் ஒரு தடத்திலோ இரு தடங்களிலோ அடக்கினர். எஞ்சிய தடங்களிற் புதிய ஒலிகளைச் சேர்த்தனர். அவையும் நிரம்பின், அம்முறையே மீண்டும் ஒருமுறை.

இதனால் நேர்ந்த தீங்கு யாதென்பதை ஏட்டுச்சுவடியை நினைந்தால் அறியலாம். ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு எழுதுவர். அதனைப் பார்த்து மற்றொன்று எழுதுவர். படிதோறும் சில எழுத்துகள் சிதையும். நாடாவும் அவ்வாறே. படியெடுக்குந்தோறும் இரைச்சல் ஏறும். ஒலியின் கூர்மை மழுங்கும். அன்றியும், ஒருமுறை கலந்த ஒலிகளை அக்காலத்திற் பிரித்தெடுத்தல் இயலாது. எனினும், படியெடுத்தபின் வேண்டப்படாத பழைய நாடாக்களை ஈ.எம்.ஐ. நிறுவனம் அழித்துவிடாது காப்பகத்தில் வைத்திருந்தது. அந்தச் சேமிப்பே பிற்காலத்தில் பெரும் பயன் தந்தது.

இனி, 1967இல் வெளிவந்த தட்டே ஒன்றன்று, இரண்டு. ஒற்றைவழி ஒலியாகிய மொனோவில் ஒன்று. இருவழி ஒலியாகிய ஸ்டீரியோவில் மற்றொன்று. அந்நாளில் இங்கிலாந்தின் இளைஞர் பலரிடம் இருந்தவை ஒரே ஒலிபெருக்கி கொண்ட சிறு இசைத்தட்டுப் பெட்டிகளே; பாடல்களைப் பரப்பிய வானொலியும் ஒற்றைவழியிலேயே ஒலித்தது. ஆதலின், குழுவினர் தாமே உடனிருந்து, பல வாரங்கள் கருத்தூன்றிக் கலந்தது மொனோவையே. ஸ்டீரியோக் கலவையை மார்ட்டினும் எமெரிக்கும் சில நாட்களில் முடித்துவிட்டனர். பாடகர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், சுவடிப் பதிப்பாசிரியர்கள் கூறும் பாடபேதங்களை இங்கும் காண்பர். வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணைப் பற்றிய 'ஷீஸ் லீவிங் ஹோம்' என்னும் பாடல், மொனோவிற் சற்று விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் செல்லும். ஸ்டீரியோவில் அது தாழ்ந்து, தயங்கி நடக்கும். 'லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்' என்பதில் லெனனின் குரலை அலையலையாகச் சுழற்றும் உத்தி மொனோவில் மிகுதி, மற்றதிற் குறைவு. தலைப்புப் பாடல் இரண்டாம் முறை வருமிடத்தின் முடிவில் மக்கார்ட்னி உரக்கக் கூவுவது மொனோவிலேதான் நன்கு செவிப்படும். எது மூலம், எது படி என்று வினவின், படைத்தவர்கள் கைப்பட உழைத்த மொனோவே மூலம் எனல் வேண்டும்.

ஆனால் உலகம் அறிந்தது எது? ஸ்டீரியோப் பெட்டிகள் பெருகப் பெருக, மொனோத் தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன. 1987 ஜூன் முதலாந் திகதி, இருபதாம் ஆண்டு நிறைவிலே, இவ்விசை இறுவட்டாக வெளிவந்தபோது ஸ்டீரியோ மாத்திரமே வெளிவந்தது. மொனோவை இறுவட்டிற் கேட்க 2009 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு தலைமுறையினர் இத்தட்டின் அருமையை, அதனை ஆக்கியவர்கள் அக்கறை கொள்ளாத கலவையின் வாயிலாகவே அறிந்தனர். சில பாடல்களிற் குரல் ஒரு பக்கமும் முரசு மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்கும் அவ்வொலியே அவர்களுக்கு இயல்பாயிற்று. அவர்கள் நேசித்ததும் அதனையே.

இந்நிலையிலேதான் 2017ஆம் ஆண்டின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அதனைச் செய்தவர் ஜோர்ஜ் மார்ட்டினின் மைந்தர் ஜைல்ஸ் மார்ட்டின். அவருடன் பணியாற்றியவர் பொறியியலாளர் சாம் ஒக்கல். தந்தையார் 2016 மார்ச் மாதம் காலமாகிவிட்டார். மைந்தர் செய்தது இதுவே: ஒன்றாக அடக்கப்படுவதற்கு முன்னிருந்த முதல் நாடாக்களை எடுத்து, அவற்றைக் கணினியின் துணையால் ஒன்றோடொன்று ஒத்தோடச் செய்து, புதிய ஸ்டீரியோக் கலவை ஒன்றை ஆக்கினார். படிக்குப் படி நேர்ந்த சிதைவு இதனால் நீங்கிற்று. அதனினும் முக்கியமானது, அவர் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டது பழைய ஸ்டீரியோவை அன்று, மொனோவையே. வெளியேறும் பெண்ணின் பாடல் மொனோவின் விரைவைப் பெற்றது. லூசியின் பாடலில் லெனனின் குரல் மீண்டும் அலையெனச் சுழன்றது. முரசும் குரலும் நடுவிடத்துக்கு வந்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இத்தட்டு இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் மீண்டும் முதலிடம் பெற்றது.

இப்பதிப்பின் விரிந்த வடிவத்திற் கிடைக்கும் பயன் மற்றொன்றும் உண்டு. ஒரு பாடல் பிறந்த வரலாற்றையே அது காட்டுகின்றது. தட்டின் இறுதிப் பாடலாகிய 'எ டே இன் த லைப்' என்பதை நோக்குக. 1967 பெப்ரவரி 10ஆம் நாள் நாற்பது வாத்தியக்காரர் அழைக்கப்பட்டனர். தத்தம் கருவியின் மிகத் தாழ்ந்த சுரத்திலிருந்து தொடங்கி, குறித்த தாள அளவுக்குள் மேலேறி உச்சத்தை அடைக என்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. பிறருடன் சேர்ந்தேற வேண்டியதில்லை. அவரவர் போக்கில் ஏறலாம். ஒத்திசைதலையே வாழ்நாளெல்லாம் பயின்றவர்களுக்கு இது விநோதமாயிருந்திருக்கும். அந்தப் பேரொலி முடிந்ததும் பாடலை எவ்வாறு நிறைவுசெய்வது? வாய்மூடி முணுமுணுக்கும் குரல்களாலேயே முதலில் முயன்றனர். அம்முயற்சியைப் புதிய பதிப்பில் நாம் கேட்கலாம். கேட்டால், அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் முன்வந்த பேரொலியின் பாரத்தைத் தாங்க அதற்கு வலிமை போதாது. பெப்ரவரி 22ஆம் நாள் பல பியானோக்களில் ஒரே வேளையில் ஒரு சுரக்கூட்டு அறையப்பட்டது. ஒலி தேயத் தேய, எமெரிக் ஒலியளவை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே வந்தார். அதனால் அது நாற்பது விநாடிக்கு மேலாக நீடித்தது. இறுதியில் அறையினுள் நாற்காலி அசையும் ஓசையும் செவிப்படுகின்றது. முணுமுணுப்பைக் கேட்டபின் பியானோவைக் கேட்பவருக்கு, அவர்கள் எதனைக் கைவிட்டு எதனைத் தேர்ந்தனர் என்பது தெளிவாகும். தேர்ந்ததன் அருமை, கைவிட்டதைக் கண்டபோதன்றோ புலப்படும்!

நமக்கு அணுக்கமான உதாரணம் ஒன்றும் இதிலுண்டு. ஹரிசன் இயற்றிய 'வித்தின் யூ வித்தவுட் யூ' என்னும் பாடலுக்கு, லண்டனில் வாழ்ந்த இந்திய இசைவாணர் வாசித்தனர். தம்பூராவின் சுருதி, தபேலாவின் நடை, தில்ரூபாவின் இழைவு ஆகியவற்றின் மீது, பின்னர் மார்ட்டின் அமைத்த மேனாட்டு வயலின் இசை சேர்க்கப்பட்டது. அது சேர்வதற்கு முன்னிருந்த நிலை இப்பதிப்பில் உண்டு. தம்பூராவின் நாதத்தோடு வளர்ந்த செவிகளுக்கு, இரண்டு மரபுகள் எவ்விடத்தில் ஒட்டின, எவ்விடத்தில் விலகி நின்றன என்பதை அறிய இதனினும் நல்ல வாய்ப்பு வேறில்லை.

இவ்வளவும் நன்மையாயின், ஐயம் எங்கே எழுகின்றது? மூல நாடாவில் இருப்பவையெல்லாம் படைத்தவர் கேட்பிக்க விரும்பியவை அல்ல. எதனை உயர்த்துவது, எதனைத் தாழ்த்துவது, எதனை மூடுவது என்ற தீர்ப்பும் படைப்பின் ஒரு பகுதியே. 1967இல் முரசின் ஒலி தாழ்ந்திருந்தது பொறியின் குறையாலா, கலைஞரின் விருப்பத்தாலா? சில இடங்களில் விடை சொல்லலாம். சில இடங்களில் ஊகிக்கத்தான் இயலும். லெனன் 1980இலும் ஹரிசன் 2001இலும் மறைந்துவிட்டனர், அவர்களைக் கேட்பதற்கில்லை. இக்காலத்துக் காதுக்கு உவப்பாகவேண்டும் என்ற எண்ணமும், விற்பனையாகவேண்டும் என்ற எண்ணமும் இந்த ஊகத்தினுள் ஓசையின்றிப் புகுந்துவிடுதல் கூடும்.

பொறிகளின் ஆற்றலோ நாளுக்கு நாள் வளர்கின்றது. 2022இல் இதே குழுவினரின் 'ரிவோல்வர்' மறுபதிப்பானபோது, ஒரே தடத்தில் ஒன்றாகப் பதியப்பட்டிருந்த கருவிகளையும் கணினி கொண்டு தனித்தனியே பிரித்தெடுத்தனர். கலந்ததைப் பிரிக்க இயலாது என்று சற்று முன்னர் கூறினேன். அவ்விதி இன்று தளர்ந்துவிட்டது. இனி எந்தப் பழைய பாடலும் மாற்ற முடியாததன்று. மாற்றுதல் எளிதாகும்போது, மாற்றாதிருத்தற்கே மிகுந்த மனவுறுதி வேண்டும்.

ஆதலின் என் கருத்து இதுவே. புதிய பதிப்பு வரட்டும். மூலத்தை ஆராய்ந்து, இன்ன நெறியைப் பின்பற்றினேன் என்று வெளிப்படையாகச் சொல்லி வரும் பதிப்பினை வரவேற்போம். ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு அத்தகையது. மறக்கப்பட்ட மொனோவின் கருத்தினை அது பலருக்கு மீட்டுத் தந்தது. ஆனால் எந்தப் புதுப்பதிப்பும் பழையதை அகற்றிவிட்டு அதன் ஆசனத்தில் அமர்தலாகாது. 1987 முதல் 2009 வரை மொனோவுக்கு நேர்ந்த கதி நமக்குப் பாடமாக வேண்டும். அன்று எவரும் அதனைப் பகைத்து ஒதுக்கவில்லை. இன்னொன்று கைக்கு எளிதிற் கிடைத்தது, அவ்வளவே. ஒரு கலைப்பொருள் மறைவதற்கு அந்த அலட்சியமே போதும்.

பழைய தட்டு ஒன்று வீட்டின் மூலையிற் கிடக்குமாயின் அதனை எறிந்துவிட வேண்டாம். புதிய பதிப்பைக் கேட்ட மறுநாள் அதனையும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். இரைச்சலும் கீறலும் இருக்கலாம். ஆயினும் ஒரு காலத்து மாந்தர், தமக்குக் கிட்டிய நான்கு தடங்களைக்கொண்டு, 'இவ்வளவே போதும், இதுவே முடிவு' என்று தீர்மானித்த கணம் அதனுள்ளே இருக்கின்றது. எத்துணைத் திறமையாகக் கலந்தாலும், அந்தக் கணத்தை மாத்திரம் மறுபடி பதிவுசெய்தல் இயலாது.