குறையைச் சொல்லி விற்போம்

கடையில் வாங்கிய பொருள் பழுதானால் கடைக்காரரிடம் திரும்பிச் செல்லலாம். வீட்டு வாசலிற் கைமாறும் பழைய மோட்டார் உறுப்புக்கோ விற்பவரின் வாய்ச்சொல்லே உத்தரவாதம். இவ்வுண்மையை நாம் அண்மையில் அநுபவத்தால் உணர்ந்தோம்.

எமது மொறிஸ் மைனர் 1000 வண்டியை விற்ற பின், எஞ்சிய உறுப்புகள் ஒரு பெட்டியிற் கிடந்தன. அவற்றுள் விசேடமானது இரட்டைக் காபுரேற்றர். 1956இல் வெளிவந்த இவ்வண்டியின் 948 சீ.சீ. இயந்திரத்துக்கு ஒரு காபுரேற்றரே உண்டு; அதன் ஆற்றல் 37 குதிரைவலு. 1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் வண்டியிலும் அதே வகை இயந்திரமே பொருத்தப்பட்டது. எனினும் இரட்டைக் காபுரேற்றர் முதலிய மாற்றங்களால் அது 43 குதிரைவலு பெற்றது. ஆகவே, வேகம் விரும்புவோர் அவ்வுறுப்பைத் தேடி வாங்கி மைனரிற் பூட்டுவர்.

எம்மிடம் முன்னர் கற்ற இளைஞர் ஒருவர் அதனை வாங்க வந்தார். பெட்டியிற் பிறேக் சிலிண்டர்களையும் கண்டுவிட்டு, "பாவிக்காத சாமான் போல கிடக்கு, சேர். இதையும் சேர்த்து விலை சொல்லுங்கோ" என்றார்.

அவை பூட்டப்படாதவை என்பது மெய்யே. ஆயினும் உள்ளிருக்கும் றப்பர், பெட்டியிற் கிடந்தே ஆண்டுக்கணக்கில் இறுகிவிடும். கேளாத கேள்விக்கு விடை எதற்கு என்று எம்மனம் ஒரு கணம் சபலப்பட்டது. மறுகணம், அவர் வேகமாகச் செல்லும் வீதியிற் பிள்ளைகள் குறுக்கிடும் காட்சி மனக்கண்ணில் தோன்றியது.

"தம்பி, இந்த றப்பரை நம்பி ஓடக்கூடாது. காபுரேற்றரின்ர தண்டும் தேய்ஞ்சிருக்கு, காத்து இழுக்கும்" என்றோம்.

1962இல் 1098 சீ.சீ. இயந்திரத்தை மைனரிற் பொருத்தியபோது, முன்சில்லுப் பிறேக்கின் விட்டத்தை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக உற்பத்தியாளரே பெருப்பித்தனர் என்பதையும் எடுத்துரைத்தோம். ஓட்டும் வலுவைக் கூட்டுமுன் நிறுத்தும் வலுவைக் கூட்டுதல் வேண்டும்.

சிலிண்டர்களை நாம் விற்கவில்லை. காபுரேற்றரை அரைவிலைக்குக் கொடுத்தோம். இரு வாரங்களின் பின் அவர் வண்டியுடன் வந்து, முதலிற் காட்டியது புதிய பிறேக்கையே.

பழைய உறுப்பை விற்கும் அன்பர்கள், அது எந்த வண்டியினது, எத்தனை காலம் ஓடியது, என்ன குறையுடையது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாராக. வாங்குபவர் தம் மெக்கானிக்கை அழைத்து வந்து பார்ப்பாராக. விலை சற்றுக் குறையலாம். இரவில் நித்திரை குறையாது.