ரெண்டு கையும் பிஸி… கீபோர்டு மேடையில் கை கொடுக்கும் கால்! மிடி பெடல் எப்படி வேலை செய்கிறது?

கல்யாண ரிசப்ஷன். மேடையில் மெல்லிசைக் கச்சேரி. வயலின் குழு இல்லை, புல்லாங்குழல்காரர் இல்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு கீபோர்டு கலைஞர்தான். இடது கையில் ஸ்ட்ரிங்ஸ், வலது கையில் ஃப்ளூட் பிட். பாடகி மெல்லிய குரலில் சரணத்தைத் தொடங்குகிறார். ஸ்ட்ரிங்ஸ் கொஞ்சம் அடங்கணும். ஆனால், அதைக் குறைக்க எந்தக் கை இருக்கு?

கை இல்லைதான். கால் இருக்கே! அங்கேதான் பெடல் வருகிறது.

மிடி என்பது என்ன?

வேறு வேறு கம்பெனிகளின் சிந்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-ல் அறிமுகமான பொது மொழி அது. இதற்காக அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

மிடி கேபிளில் போவது சத்தம் இல்லை, தகவல் மட்டுமே. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினோம், பெடல் எங்கே நிற்கிறது என்ற விவரங்கள். பெடலின் நிலை 0 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகப் போகும். அது எந்த வேலைக்கான எண் என்பதைச் சொல்வது ‘கன்ட்ரோல் சேஞ்ச்’, சுருக்கமாக சிசி.

சிசி 64: சஸ்டெயின். 64-க்கு மேல் போனால் ஆன், கீழே வந்தால் ஆஃப்.
சிசி 7: வால்யூம். மொத்த அளவை ஒருமுறை செட் செய்ய.
சிசி 11: எக்ஸ்பிரஷன். பாட்டுக்குள் ஏற்ற இறக்கம் கொடுக்க.
சிசி 74: பல கீபோர்டுகளில் இதுதான் ஃபில்டர்.

வால்யூம் இருக்க ஃபில்டர் எதற்கு?

பக்கத்துத் தெரு ஸ்பீக்கர் அலறும்போது வீட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். ‘தும் தும்’ மட்டும் கேட்கும், ‘கிலுகிலு’ காணாமல் போகும். ‘லோ பாஸ்’ ஃபில்டர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். எந்த இடத்துக்கு மேல் ஒலியை வெட்டணும் என்பதே ‘கட்ஆஃப்’. பெடலை முன்னே அழுத்தினால் கதவு திறக்கும். குதிகாலை இறக்கினால் மூடும்.

வால்யூமைக் குறைத்தால் ஸ்ட்ரிங்ஸ் மொத்தமாகப் பின்னால் போய்விடும், பாட்டு வெறுமையாகும். ஃபில்டரை மூடினால் கார்டு அப்படியே நிற்கும், கூர்மை மட்டும் அடங்கும். அந்த இடைவெளியில் பாடகியின் குரல் தெளிவாகக் கேட்கும். பல்லவி திரும்பும்போது மெதுவாகத் திறந்தால், ஒரு நோட்டைக்கூட மாற்றாமல் பாட்டு மலரும்.

எங்கே சொதப்பும்?

1. பெடல் தலைகீழாக வேலை செய்யும். சஸ்டெயின் பெடலின் ஸ்விட்ச் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போதுதான் அதைக் கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் காலை பெடல் மேல் வைத்திருந்தால் போச்சு! காலை எடுத்தால் சத்தம் நீளும், அழுத்தினால் நிற்கும். காலை எடுத்துவிட்டு ஆஃப் செய்து ஆன் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

2. எக்ஸ்பிரஷன் பெடலின் வயரிங்கும் எல்லா கம்பெனிக்கும் ஒன்றல்ல. வாங்கும்முன் உங்கள் கீபோர்டு மேனுவலைப் பாருங்கள்.

3. முழு வீச்சு ஆபத்து. 0-க்கு இறங்கினால் சில டோன்கள் கிட்டத்தட்ட காணாமலே போகும். செட்டிங்கில் வசதி இருந்தால் 40 முதல் 110 வரை என எல்லை போடுங்கள். கால் தவறினாலும் பாட்டு தவறாது.

4. ‘ரெசொனன்ஸ்’ அளவாக இருக்கட்டும். கட்ஆஃப் அருகே உள்ள ஒலியை அது தூக்கிக் காட்டும். வீட்டு ஹெட்போனில் அழகாகக் கேட்பது, மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில் விசில் மாதிரி காதைக் குத்தலாம்.

5. டோன் மாற்றியதும் ஒலி குதிக்கும். புது டோன் தன் சொந்த கட்ஆஃபோடு வரும், பெடலோ வேறு இடத்தில் நிற்கும். பெடலைத் தொட்டதும் ஒரே தாவல்! அடுத்த பாட்டின் தொடக்கத்துக்கு ஏற்ற இடத்தில் காலை முன்பே வைத்துவிடுங்கள்.

மெதுவாக நகர்த்தும்போது படிப்படியாகக் கேட்கிறதா? 128 படிகள் மட்டுமே இருப்பது ஒரு காரணம். 2020-ல் வந்த மிடி 2.0 இதை 32 பிட் அளவுக்கு நுணுக்கமாக்கியது. ஆனால், கீபோர்டு, பெடல் எல்லாமே அதை ஏற்கும் வகையில் இருந்தால்தான் பலன்.

புதிதாகத் தொடங்குபவரா? முதல் மாதம் ஒரு பெடல், ஒரே வேலை: சிசி 11 மட்டும். கால் பழகிய பிறகு ஃபில்டருக்கு வாங்க. சவுண்ட் செக்கில் கைக்கு ஒதுக்கும் நேரத்தில் ரெண்டு நிமிஷம் காலுக்கும் கொடுங்க. மேடையில் முதலில் பதறுவது அதுதான்.